புள்ளிக்கோட்டுப் பாதை

மறுபடியும் முள் கிடந்தது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. உடைமரத்தை அடியோடு வெட்டிக் கொண்டுவந்து, தூர் இந்தப் பக்கமும் தலை அந்தப் பக்கமுமாகப் பாதைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, போதாததற்கு இரண்டு பாறாங்கல்லையும் மேலே ஏற்றி வைத்திருந்தான் பேயாண்டி. சௌரிராஜன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, ஆபீசில் தன் மேசைமேல் வந்து விழுந்த மொட்டைக் கடுதாசியைப் பார்ப்பதுபோல அந்த முள்ளைப் பார்த்தார். வயது ஐம்பத்தொன்பது. காதைச் சுற்றி மப்ளர். கால்சராயின் அடியைச் சைக்கிள் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த கவைக்கம்பால் முள்ளை நெம்பத் தொடங்கினார். வீட்டிலிருந்தே கவைக்கம்பு கட்டிக்கொண்டு கிளம்புகிற அளவுக்குச் சண்டை முற்றியிருந்தது.

"என்ன சர்வேயரே, இன்னைக்கும் எழுந்தருளிட்டீகளாக்கும்?"

கிணற்று மேட்டிலிருந்துதான் குரல் வந்தது. பேயாண்டி மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கும் இவர் வயதுதான் இருக்கும். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்தாலே சௌரிராஜனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"முள்ளை எடுய்யா. இது வண்டிப்பாதை. சர்க்கார் பாதை. படத்துல இருக்கு. அந்தப் படத்தைப் போட்டதே நான்தான்."

"பாதை ஓடைக்கு அங்கிட்டு. எத்தன தடவ சொல்றது?"

"ஓடைக்கு அங்கிட்டு ஒண்ணும் கிடையாது. என் சங்கிலி பொய் சொல்லாது."

"சங்கிலி சொல்லாதுய்யா. பிடிக்கிற ஆளு சொல்லுவான்ல?" பேயாண்டி காறித் துப்பினான். மரியாதையும் அதோடு போயிற்று. "கெழட்டு வயசுல குண்டியத் தூக்கிக்கிட்டு டர்ரு டர்ருன்னு வார, உனக்கு வெக்கமா இல்ல? அன்னைக்கிக் கோடு போட்டுக் கெடுத்த. இன்னைக்கி வண்டியேத்திக் கெடுக்க வாரியா?"

சௌரிராஜன் கம்பை இன்னும் ஆழமாகக் கொடுத்து நெம்பினார். முள்ளை ஓர் ஆள் அகலத்துக்கு விலக்கி, வண்டியை உருட்டி நுழைத்து, கிக்கரை உதைத்து, வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் புகையை அவன் பக்கம் விட்டார். கிணறு வரைக்கும் போனார். அதற்கப்பால் பாதையை உழுது மிளகாய் நட்டிருந்தது. பச்சைச் செடிமேல் வண்டியை ஏற்ற அவருக்கும் மனசு வரவில்லை. திரும்பினார். பேயாண்டி சிரித்த சிரிப்பு திருநகர் வீடு வரைக்கும் அவருடைய முதுகிலேயே உட்கார்ந்துகொண்டு வந்தது.

இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால், அதைத்தான் அவர் மனைவி சுந்தரவல்லியும் ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர்கள் பேசுவது தங்கள் சௌராஷ்டிர பாஷை. ஆனால் புருஷனைத் திட்டும்போது மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள், அக்கம்பக்கமும் கேட்கட்டும் என்று. முப்பத்திரண்டு வருஷம் சங்கிலியும் கொடியுமாகக் காடு கரடெல்லாம் நடந்து அளந்தவர் சௌரிராஜன். ரிட்டயரான மறு மாசமே முட்டி இரண்டும் கழன்றுகொண்டன. மேடு ஏறவே கூடாது என்றார் டாக்டர். மேடு ஏறாமல் உயிரோடிருந்து என்ன பிரயோசனம் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. செல்லூரில் ஒரு பட்டறையில் கிடந்த பழைய இருநூற்றைம்பது சி.சி. வண்டியைப் பிடித்து, மட்கார்டை வெட்டி, சைலன்ஸரைக் கல் இடிக்காத உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, கல்லைக் கவ்வுகிற பட்டன் டயர் போட்டுக்கொண்டார். முதல் முதலாக ஒரு கரட்டுச் சரிவில், ஃபுட் ரெஸ்டில் எழுந்து நின்று, கால் இரண்டையும் தளர்த்தி, வண்டியைத் தன்போக்கில் துள்ள விட்டு ஏறியபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்தால் உயிர் போகிற முட்டி, நின்றால் வலிக்கவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். இவர் விடுகிற ஆளா? அந்தக் காலத்தில் தான் நிலம் அளந்து போட்ட புலப்படங்களின் நகல்களைத் தேடி எடுத்து, அதில் இரட்டைப் புள்ளிக்கோடாகக் குறித்திருந்த வண்டிப்பாதைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வண்டியில் கடக்க ஆரம்பித்தார். ஒரு பாதை முடிந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். பாதி இடத்தில் பாதையே இல்லை. முள் மண்டியிருந்தது, மழை அரித்திருந்தது, எவனாவது வரப்பைத் தள்ளிப் போட்டிருந்தான். விழுந்தார், எழுந்தார், சண்டை போட்டார், கடந்தார். இருபத்தாறு பாதையில் இருபத்தைந்துக்கு டிக் விழுந்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. கரட்டுப்பட்டியில் பேயாண்டியின் மிளகாய்க் காடு வழியாகப் போய், கரட்டின் கழுத்தில் ஏறி, அந்தப் பக்கத்து ஊரில் இறங்குகிற பாதை. ஐம்பத்துமூன்றில் அளந்தது.

முள்ளுக்கு அடுத்த வாரம் பேயாண்டி குழி வெட்டினான். முழங்கால் ஆழம், மேலே சோளத்தட்டை பரப்பி. முன்சக்கரம் உள்ளே போனதும் சௌரிராஜன் வண்டிக்கு மேலாகப் பறந்து விழுந்தார். காறை எலும்பு விரிசல். பேயாண்டியின் பெண்சாதி ஒச்சாயி ஓடிவந்து தூக்கிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்து, "செத்துகித்துப் போயிறாதய்யா, எங்க வீட்டுக்காரர உள்ள வச்சிருவாங்க" என்றாள். அந்தத் தண்ணீர் பேயாண்டியின் கிணற்றுத் தண்ணீர்தான். சௌரிராஜன் ஒரே மடக்கில் குடித்தார்.

ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். வலது கை சும்மாதான் இருந்தது. அதை வைத்து மனு எழுதினார். புலப்பட நகலை இணைத்து, பொதுப்பாதை ஆக்கிரமிப்பு என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, தான் யார் என்பதையும் அதில் விடாமல் சொல்லி அனுப்பினார். முப்பத்திரண்டு வருஷம் காகிதத்தோடு குடித்தனம் செய்தவர். எந்த வார்த்தை போட்டால் எந்த மேசையில் அசையும் என்று அவருக்குத் தெரியாதா? எந்த மனுவும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. அந்த வருஷம் அந்தப் பக்கம் ரோடு போட ஏற்கெனவே திட்டம் இருந்ததாம். ஒரு நாள் புது சர்வேயர் வீட்டுக்கே வந்து, பவ்யமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"உங்க கோடு மேலேயே ரோடு போடுறோம் சார். கிணறு நட்ட நடுப்பாதையில வருது. அறுபத்தொண்ணுல தோண்டியிருக்கான். தூர்த்துரச் சொல்லி ஆர்டர் ஆயிருச்சு. வியாழக்கிழமை காலைல பதினோரு மணிக்கு."

"ஸ்தலத்துல போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் சௌரிராஜன், வேலைப் பழக்கத்தில்.

"எதுக்கு சார்? படத்துல இருக்கே. நீங்க போட்டது."

சௌரிராஜனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவன் போனதும் சுந்தரவல்லி காபி டம்ளரை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். இந்தத் தடவையும் தமிழ்தான், ஆனால் சத்தமே இல்லாமல்.

"கிணத்தை மூடச் சொல்லி எழுதின கையால சோத்தப் பிசைஞ்சு எப்படிச் சாப்பிடப் போறீங்க?"

"அவன் என்னைக் குழியில தள்ளினான்டி."

"நீங்க விழுந்த குழிலருந்து எந்திரிச்சு வந்துட்டீங்கல்ல?" என்றுவிட்டு உள்ளே போனாள். புதன்கிழமை காலையில் பொண்ணு வீட்டுக்குப் போறேன் என்று பையை எடுத்துக்கொண்டு தல்லாகுளம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் சௌரிராஜன் கரட்டுப்பட்டியில் இருந்தார். சர்வேயரின் ஜீப் வருவதற்குள் தன் பாதையில் தான் முதலில் போய்விட வேண்டும் என்பது அவர் கணக்கு. முந்தின நாளே ரோடு ஆட்கள் வந்து குழியை மூடி, முள்ளை ஓரமாகத் தள்ளி, மிளகாய்க் காட்டின் நடுவே இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பேயாண்டி கிணற்று மேட்டில் குந்தியிருந்தான். கிணற்றுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒச்சாயி அவசர அவசரமாகக் காயும் பழமுமாகப் பறித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் திட்டியிருந்தால் சௌரிராஜனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே செடிகளை மிதித்துக்கொண்டு போனார். சக்கரத்துக்கு அடியில் செடி முறிகிற சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

காடு முடிந்ததும் கரடு தொடங்கியது. முதல் கியரில் போட்டு எழுந்து நின்றார். உருட்டுக்கல், சரளை, அதற்குமேல் சப்பாத்திக்கள்ளி. பின்சக்கரம் சறுக்கி, பல் பிடித்து, மறுபடி சறுக்கியது. கிளட்சை அரைவாசி பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, வண்டியைக் கொஞ்சிக் கொஞ்சி ஏற்றினார். காறை எலும்பு விண்விண்ணென்று தெறித்தது. போகட்டும். இருபத்தாறாவது டிக் இதோ. ஒரு திருப்பம் திரும்பினார். பாறை எதிரே நின்றது.

ஓர் ஆள் உயரம். வெட்டி வைத்த மாதிரி செங்குத்து. வலது பக்கம் நெடுகிலும் அதே பாறை. இடது பக்கம் சரிவு. சௌரிராஜன் இஞ்சினை அணைத்தார். வழி மாறிவிட்டோமோ என்று நகலை விரித்துப் பார்த்தார். இல்லை. இரட்டைப் புள்ளிக்கோடு நேராக அந்தப் பாறைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. பாறை நேற்று முளைத்ததில்லை. மாட்டு வண்டி என்ன, வெறும் மாடே இதில் ஏறாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வராமலேயே இருந்திருக்கலாம். ஐம்பத்துமூன்று, சித்திரை மாசம். மறுநாள் விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார். சங்கிலி பிடிக்கிற ஆட்கள் முதல் நாளே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். இவருக்கும் கல்யாணமான முதல் திருவிழா, ஆற்றுக்குள் இறங்கி அழகர் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று சுந்தரவல்லிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பாதை எப்படிப் போகுது என்று கேட்டார். கணக்குப்பிள்ளை கரட்டைப் பார்த்துக் கையை வீசி, "இப்படியே மேல ஏறி அந்தப் பக்கம் போயிரும்ங்க" என்றார். ஊர்க்காரர் ஒருவர் ஏதோ சொல்ல வந்தார். நாலு மணிக்கு பஸ். சௌரிராஜன் உட்கார்ந்த இடத்திலேயே கோட்டைப் போட்டுக் கையெழுத்தும் போட்டார். மறுநாள் அழகரை ரொம்பப் பக்கத்தில் பார்த்தார்கள்.

வண்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு இடது பக்கச் சரிவில் இறங்கினார். முட்டி கெஞ்சியது. உட்கார்ந்து உட்கார்ந்து, தவழாத குறையாக ஓடைக்கு வந்து, தாண்டினார். அந்தக் கரையில் பாறை தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதன்மேல் இரண்டு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுபோல, வளைந்து வளைந்து கரட்டின் கழுத்துக்குப் போயிற்று. எத்தனை தலைமுறை வண்டிச் சக்கரம் உருண்டு தேய்த்ததோ. ஒரு பள்ளத்தில் கால் வைத்து அடுத்த பள்ளத்துக்கு எட்டி அளந்தார். நாலரை அடி. வண்டி அகலம். பள்ளத்துக்குள் விரலை விட்டார். மூன்று விரல் அடிக்கணு வரைக்கும் உள்ளே போயிற்று. கல்லில் எழுதியிருந்ததைப் பார்க்காமல் காகிதத்தில் எழுதியவன் நான்தானா என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார். மணி பத்து.

மறுபடி சரிவேறிப் போய் வண்டியை எடுத்துத் திருப்பினார். இறங்குகிற வேகத்தில் இரண்டு தடவை விழுந்தார். கிணற்றுக்கு வந்து சேர்ந்தபோது உள்ளங்கை கிழிந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பேயாண்டி அதே இடத்தில், அதே மாதிரி குந்தியிருந்தான்.

"பேயாண்டி. பாதை ஓடைக்கு அங்கிட்டுதான். நான் பார்த்துட்டேன். தடம் இருக்கு."

பேயாண்டி மெதுவாக எழுந்தான். கிட்டே வந்தான். அடிக்கப்போகிறான் என்றே சௌரிராஜன் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார்.

"பார்த்துட்டியா? நாங்க பொறந்ததுலருந்து பார்த்துக்கிட்டுத்தேன் இருக்கோம். எங்கப்பன் அன்னைக்கே மரத்தடிக்கு வந்து சொன்னாரு, அய்யா, பாதை இங்கிட்டு இல்லைன்னு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவரப் போகச் சொன்னவன் நீ. பேப்பர வச்சிருக்கவன் சொன்னாத்தேன் தடம். நாங்க சொன்னா முள்ளு. போ, இப்ப ஊருக்குள்ள போயி எல்லாருக்கும் சொல்லு. கெணத்த மூடுனப்பறம் வந்து சொல்லு."

"நான் அவங்ககிட்ட சொல்றேன்."

"சொல்லுவ. அவன் என்ன சொல்லுவான்?"

என்ன சொல்வான் என்று சௌரிராஜனுக்குத் தெரியும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவன் சொல்லிவிட்டுப் போனதுதான். காகிதத்தில் இருப்பதை மாற்ற இன்னொரு காகிதம் வேண்டும். அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக எத்தனை மாசம் ஆகும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? கிணற்றைத் தூர்க்க ஒரு பகல் போதும்.

தூரத்தில், பனைகளுக்கு அப்பால், ரோட்டை விட்டு இறங்கிய ஜீப்பின் புழுதி எழும்பியது. பின்னாலேயே ஒரு லாரி.

சௌரிராஜன் பாதையோரமாகத் தள்ளிக் கிடந்த உடைமுள்ளிடம் போனார். தூரைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. மறுபடி இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தார். கிழிந்த கையில் முள் ஏறியது. காறை எலும்பு இன்னொரு தடவை விட்டுப்போகும்போல இருந்தது. முள் அரையடி நகர்ந்தது. பிறகு ஓரடி. ஒச்சாயி சாக்கை அப்படியே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேயாண்டி உதவிக்கு வரவில்லை. மண்வெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, வேலைக்காரனைப் பார்க்கிற முதலாளி மாதிரி பார்த்தான். முள் பாதைக்குக் குறுக்கே வந்து சேர்ந்தது. சௌரிராஜன் பாறாங்கல்லைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. உருட்டினார்.

"அந்தப் பக்கம் சந்து விட்டிருக்க" என்றான் பேயாண்டி. "ஜீப்பு நொழைஞ்சிரும். நல்லா இழுத்துப் போடு."

இழுத்துப் போட்டார். ஜீப் முள்ளுக்கு முன்னால் வந்து நின்றது. புது சர்வேயர் கையில் சுருட்டிய படத்தோடு இறங்கி, ஒன்றும் புரியாமல், "சார்?" என்றான். லாரியில் மண்வெட்டியும் கூடையுமாக ஆட்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். சௌரிராஜன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவருடைய மோட்டார் சைக்கிள் பின்னால், முள்ளுக்கு உள்ளே, மிளகாய்ச் செடி சுற்றிய சக்கரத்தோடு கிணற்றடியில் நின்றது.