மூட்டையில் உதிர்ந்த எழுத்து

ஆடி பிறந்ததிலிருந்து அரசப்பன் தலையில் மூட்டை ஏற்றுவதை விட்டுவிட்டான். புதுவயல் அரிசி மில்லில் அவனோடு சுமை தூக்குகிறவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. இருபத்திரண்டு வருசமாகச் சும்மாடு வைத்து, கழுத்து அசையாமல் லாரிப் பலகையில் ஏறிப்போன ஆள், இப்போது மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு தவளை மாதிரிக் குனிந்து நடக்கிறான்.

"என்னடா, தலைய மட்டும் யாருக்காச்சும் வித்துப்புட்டியா?"

காரணத்தைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். தலையில் விழுகிற மூட்டை உள்ளே இருக்கிற எழுத்தை உதிர்த்துக்கொண்டிருக்கிறது என்று அவன் நம்பினான்.

அவன் எழுத்துப் படித்தது முப்பத்தொன்பது வயதில். முதியோர் பள்ளிக்கூடம் என்று ஒன்று ஆரம்பித்து, சைக்கிளில் ஒரு வாத்தியார் வந்து போனார். 'அ' போட மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று அவனுக்கு. மூட்டைக் கொக்கி பிடித்த விரல் பல்பத்தைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட, அவன் மட்டும் விடாமல் போய் வந்தான். அடுத்த வருசமே அசன் முகம்மது பாயின் டீக்கடையில் உட்கார்ந்து சுமைக்காரர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டத் தொடங்கினான். அவன் வரும்வரை பாய் பேப்பரை யாருக்கும் பிரித்துக் கொடுப்பதில்லை. உடம்பெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்து உட்கார்ந்தாலும் அந்த அரைமணி நேரம் அவன் வேறு ஆள்.

அந்த எழுத்துதான் ஆறாவது வருசத்தில் கையை விட்டுப் போக ஆரம்பித்தது. முதலில் புள்ளிகள் போயின. பிறகு கொம்பும் காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசியில் வரிக்கு வரி எறும்பு ஊர்ந்தது. கொட்டை எழுத்துத் தலைப்பு மட்டும் தங்கி நின்றது. அதற்கும் அவனே ஒரு நியாயம் வைத்திருந்தான். பெரிய எழுத்து முதலில் படித்தது, ஆழமாக இறங்கியிருக்கும். பொடி எழுத்து பின்னால் வந்தது, மேலாக்கத்தான் நிற்கும். நாலு குலுக்குக் குலுக்கினால் கொட்டாமல் என்ன செய்யும்?

கண்ணின் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. மில் வாசலில் நின்றபடியே, தூரத்தில் திரும்புகிற பஸ்ஸின் பலகையைப் படித்து எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட கண்ணை யார் குறை சொல்ல முடியும்?

டீக்கடையில் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு, மீதியை அவனே சொல்லிக்கொண்டான். 'பலத்த மழை' என்று தலைப்பு இருந்தால், எந்தெந்த ஊரில் பெய்தது என்பதை அவனே பெய்ய வைத்தான். யாருக்கும் அதனால் நட்டமில்லை. பொன்னழகு கடுதாசியோடு வந்த அன்றுதான் வம்பு வந்தது.

பொன்னழகு அவனுக்கு மச்சான் முறை. ஒரே லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். பெண்டாட்டி தவறிப்போய், ஒற்றை மகள் கல்யாணசுந்தரியைச் சிவகங்கையில் கட்டிக் கொடுத்திருந்தான். அவள் அஞ்சாவது வரை படித்தவள், தன் கையாலேயே எழுதுவாள். நீலக் கடுதாசியை நீட்டி, "வாசி மாப்ளே" என்றான். நெருக்கி நெருக்கி எழுதிய பொடி எழுத்து. அரசப்பனுக்கு அதிலும் எறும்புதான் ஊர்ந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடை நிறைய ஆள் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

"அன்புள்ள அப்பாவுக்கு... இங்க எல்லாரும் சொகம். மழ நல்லாப் பேஞ்சிருக்கு. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு."

பொன்னழகு சந்தோசமாகக் கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அன்றிலிருந்து அந்தச் சட்டைப் பையைப் பார்க்கும்போதெல்லாம் அரசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருந்தாளோ, பிள்ளைக்கு என்ன கஷ்டமோ?

பத்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் அவன் மனைவி வீரலட்சுமி காலில் முள் ஏறி வந்து நின்றாள். ஊசியை வைத்துக்கொண்டு முள் இல்லாத இடத்தில் நாலு தரம் குத்தினான்.

"நான் என்ன கோணிச் சாக்கா? எங்குட்டுப் பாத்துக் குத்துறீக?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"ஒங்க கண்ணு நல்லாருக்கு, என் காலுதான் நல்லால்ல. ஞாயித்துக்கெழம காரைக்குடியில எனாமாக் கண்ணு பாக்குறாகளாம். போயிக் காட்டிட்டு வாங்க." அவனைத் தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்று பொன்னழகையும் துணைக்கு அனுப்பினாள்.

கண் பார்த்தது ஒரு பள்ளிக்கூடத்தில். பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். படிக்காதவர்களுக்கு மூன்று கால் சூலம் போட்ட அட்டை. சூலம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். படித்தவர்களுக்கு எழுத்து அட்டை.

"படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் நர்சு.

"தெரிஞ்சுச்சும்மா" என்றான் அரசப்பன்.

"தெரிஞ்சுச்சுன்னா? இப்பத் தெரியுமா, தெரியாதா?"

அவன் சூலத்தைக் காட்டச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பொன்னழகு முந்திக்கொண்டான். "என்னம்மா இப்பிடிக் கேட்டுப்புட்டீக? எங்க ஊருக்கே பேப்பர் வாசிக்கிற ஆளு."

எழுத்து அட்டைக்கு எதிரே இருபதடி தள்ளி நிறுத்தினார்கள். இத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று அரசப்பன் நினைத்துக்கொண்டான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தான். மேலே பெரிய 'ட'. அது போகட்டும். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, கடைசி வரியில் கடுகு மாதிரி நாலு எழுத்து. எல்லாம் பளிச்சென்று நின்றன. ஒன்று விடாமல் வாசித்தான். அடுத்த கண்ணிலும் அப்படியே. அவனுக்கே நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரம் வாசித்தான்.

"போதும், போதும். டாக்டர்கிட்டப் போங்க."

டாக்டர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட மனுசர். டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். பிறகு சின்ன அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பழையபடி எறும்பு ஊர்ந்தது. இப்போதுதான் திரும்பி வந்தது, அதற்குள் போய்விட்டது.

"அய்யா, நான் மூட்ட தூக்குறவன். எழுத்து லேட்டாப் படிச்சேன். தலையில மூட்ட ஏத்தி ஏத்தி எல்லாம் உதுந்து போச்சுங்க. ஒன்னர மாசமா முதுகுலதான் தூக்குறேன். அப்பிடியும் நிக்க மாட்டேங்குது."

டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"வயசு என்ன?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

"இது வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரும். மூட்டை தூக்காத எனக்கே வந்திருக்கு பாருங்க." தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "கிட்டப் பாக்குறதுக்குத்தான் கண்ணு சிரமப்படுது. கண்ணுல வேற ஒரு கோளாறும் இல்ல. படிச்சதும் எங்கயும் போகல."

கனமான இரும்புச் சட்டம் ஒன்றை அவன் மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகினார். மூன்றாவது கண்ணாடியில் எறும்புகள் நின்றன. காலும் கொம்பும் பிரிந்தன. புள்ளிகள் அந்தந்த எழுத்தின் தலைமேல் போய் உட்கார்ந்தன. அட்டையில் இருந்ததை அரசப்பன் மடமடவென்று வாசித்துவிட்டு, சட்டத்தைக் கழற்ற வந்த டாக்டரின் கையைத் தடுத்தான்.

"அய்யா, ஒரு நிமிசம். மச்சான், இங்குட்டு வா. அந்தக் கடுதாசியைக் குடு."

"எந்தக் கடுதாசி? அதத்தான் அன்னைக்கே வாசிச்சுட்டியே."

"அன்னைக்கு வாசிச்சது பொய்யி மச்சான். எனக்கு ஒரு எழுத்தும் தெரியல. நானாச் சொன்னேன்."

பொன்னழகு கடுதாசியை எடுத்துக் கொடுத்தான். அவன் முகம் சுருங்கிவிட்டது. வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அரசப்பன் வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் குரல் தெளிந்தது.

"அன்புள்ள அப்பாவுக்கு மகள் கல்யாணசுந்தரி எழுதுவது. எனக்கு ஆவணி இருபதாந்தேதி வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். அம்மா இல்லாத வீடு என்று யாரும் சொல்லக் கூடாது. நீங்கள் வளையல் வாங்கிக்கொண்டு வர வேண்டும். நீங்கள் வராமல் நான் கையை நீட்ட மாட்டேன்."

"இன்னைக்கு என்ன தேதி?" என்றான் பொன்னழகு.

"ஆவணி பதினஞ்சு" என்றாள் நர்சு.

"இன்னும் அஞ்சு நாள் கெடக்கு மச்சான்" என்ற அரசப்பன், இரும்புச் சட்டத்தோடேயே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பத்து நாளாக நெஞ்சில் ஏறி நின்ற மூட்டையை யாரோ பின்னாலிருந்து தாங்கி இறக்கியது போல இருந்தது.

"இன்னொரு தரம் வாசி" என்றான் பொன்னழகு. வாசித்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதையும் கேட்டார்.

கண்ணாடிக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, கடைவீதியில் இரண்டு டஜன் வளையல் வாங்கி, புதுவயல் பஸ்ஸில் ஏறினார்கள். கோட்டையூர் தாண்டும்வரை பொன்னழகு வாயைத் திறக்கவில்லை. வளையல் பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தான். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று அரசப்பன் காத்திருந்தான்.

"அப்ப ஆடு?" என்றான் பொன்னழகு திடீரென்று.

"என்ன ஆடு?"

"ரெண்டு குட்டி போட்டுச்சுன்னியே. அவுகளுக்கு ஏது ஆடுன்னு நானும் ரோசிச்சேன். புதுசா வாங்கியிருப்பாக போலன்னு, போகும்போது அகத்திக்கொழ ஒரு கட்டுக் கொண்டுபோகணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"இல்ல மச்சான். ஆடு இல்ல."

"ஒண்ணுகூடவா இல்ல?"

அரசப்பன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பொன்னழகும் சிரித்தான். முன் சீட்டில் இருந்தவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"படுபாவி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் பொன்னழகு. "வெள்ளிக்கெழம நீயும் வர்ற. பொய்யி சொன்னதுக்கு அகத்திக்கொழையும் நீதான் தூக்கிட்டு வரணும்."

மறுநாள் காலையில் மில்லில் முதல் லாரி வந்து நின்றபோது அரசப்பன் துண்டை உருட்டிச் சும்மாடு கட்டினான். தலையில் வைத்து ஒரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டு, மூட்டைக்குத் தலையைக் கொடுத்தான்.