சம்மாட்டியின் போனில் நின்ற வள்ளம்

சம்மாட்டி சிங்கராசாவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது முப்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது ரூபா. மகள் டினோஜாவுக்கு மடிக்கணினி வாங்க எடுத்த கடனின் மிச்சம். அரிப்புக் கிராமத்தில் வள்ளங்களும் மீன்வாடியும் வைத்திருக்கும் முதலாளி அவர்; அந்த வாடியில்தான் நான் ஐஸ் பெட்டி தூக்குகிறேன். கூலியில் கழித்து முடிப்பதென்றால், முதலில் என் முதுகு கழிந்துவிடும்.

கடனுக்குப் பதிலாக டினோஜா அவரோடு ஒரு பேச்சுப் பேசி வந்தாள். சம்மாட்டி கடற்கரையில் கட்டிய விடுதிக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பாள். அதற்குள் ஒரு விளையாட்டு: போனைச் சரித்தால் திரையில் வள்ளமும் சரியும், கல்லில் முட்டாமல் கரை சேர்க்க வேண்டும்.

"என்ர போனிலை வள்ளம் ஆடினால் கடன் இல்லை, பிள்ளை. ஆடாட்டி உன்ர அப்பர் பெட்டி தூக்கட்டும்" என்றிருந்தார் சம்மாட்டி.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். விளையாட்டைத் தனியாகத் திறந்தபோது என் போனில் துள்ளிய வள்ளம், விடுதியின் இணையப் பக்கத்துக்குள் நங்கூரம் போட்டதுபோல நின்றது. சம்மாட்டியின் ஐபோனிலும் அதே கதை.

"கடன்காரன்ர வள்ளமெல்லோ, கரையை விட்டு வெளிக்கிடாது" என்றார் அவர் மனைவி அன்ரோனெற்.

டினோஜா மடிக்கணினியைத் திறந்தாள். "விளையாட்டு வேற இடத்திலை இருக்குது அப்பா. விடுதிப் பக்கத்துக்குள்ளை அதைக் குடியிருத்தி வச்சிருக்கிறன். போன் அசையிறதைக் குடியிருக்கிறவர் பாக்க, வீட்டுக்காரர் அனுமதி குடுக்கோணும். அதுக்கான வரியை எழுதாமல் விட்டிட்டன்."

வரியை எழுதினாள். என் போனில் வள்ளம் ஆடியது. ஐபோனில் அசையவில்லை.

"ஐபோன் ஆளிட்டைக் கேட்டுத்தான் குடுக்கும், அங்கிள். 'தொடங்கு' எண்ட பொத்தானைத் தொடுங்கோ."

தொட்டார். இல்லை. திரும்பத் தொட்டார். இல்லை. மகளின் முகம் கறுத்தது. நாளைய ஐஸ் பெட்டிகள் என் தோளில் இப்போதே ஏறி உட்கார்ந்தன.

"முதல் தொட்ட நேரம் போன் ஏதும் கேட்டதோ, அங்கிள்?"

"ஓம், என்னவோ கேட்டது. இல்லை எண்டு குடுத்தனான்."

"ஏன்?"

"ஆர் என்ன கேட்டாலும் முதல் இல்லை எண்டு சொல்லோணும், பிள்ளை. சண்டைக் காலத்திலை செக்பொயின்ருகளிலை நிண்டு பழகின பழக்கம். விரலுக்கும் வந்திட்டுது."

அன்ரோனெற் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிக்க முகமில்லை. நானும் அதைத்தான் தட்டியிருப்பேன்.

"ஒருக்கா இல்லை எண்டால், மூடித் திறக்குமட்டும் அது பிறகு கேக்காது. விடுதிக்கு வாற ஆக்களும் இப்பிடித்தான் தட்டப்போகினம்" என்றாள் டினோஜா. பொத்தானுக்கு மேலே தமிழில் ஏதோ எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள்.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். விரல் வைத்துக் கூட்டி வாசித்தேன். "போன் உங்களிடம் ஒன்று கேட்கும். உங்கள் கை அசைவு மட்டுந்தான் எங்களுக்கு வேண்டும். ஓம் என்று சொல்லுங்கோ."

"கை அசைவு மட்டுமெண்டால் குடுக்கலாம்" என்றார் சம்மாட்டி. மூடித் திறந்து, ஓம் தட்டினார்.

வள்ளம் சரிந்தது. கூடவே சம்மாட்டியும் சரிந்தார். கல் வரும்போது கதிரையோடு இடப்பக்கம் சாய்ந்தார், கால் தூக்கினார், "பிடி, பிடி, சுக்கானைப் பிடி!" என்று கத்தினார்.

"கடலிலை கவிழாத மனுசன் கதிரையிலை கவிழப்போகுது" என்றார் அன்ரோனெற்.

மூன்றாம் தரம் வள்ளம் கரை சேர்ந்தது. சம்மாட்டி நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"லோறன்ஸ், உன்ர கணக்கு முடிஞ்சுது. போ. போறதுக்கு முதல் பிள்ளையிட்டைக் கேள், இந்தக் கல்லுகளைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏலுமோ எண்டு."