கண்ணாடி அறைக் குரல்கள்

விடியும் முன்பே சலவைக்கூடத்தில் அந்த அலறல் கேட்டது.

ஈர விரிப்புகளைச் சுமந்து தோள் காய்த்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஆவியில் சூடேறிய தேய்ப்பு உருளை, விரிப்போடு அங்கே வேலைபார்த்த சின்னவளின் விரல்களையும் சேர்த்து இழுத்திருந்தது. தடுப்புக் கம்பி இருந்திருந்தால் கை பட்டதும் உருளை நின்றிருக்கும். வேலை மெதுவாகிறதென்று அதைக் கழற்றி எறிந்தவர் மேனேஜர்.

அவளை ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றி அனுப்பியதுமே அவர் வந்தார். "சரி சரி, மெஷினைப் போடுங்க. வேலை கிடக்கு."

"கம்பியை மாட்டாம யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள் தேய்ப்புப் பிரிவின் மூத்தவள். தலைகள் குனிந்துகொண்டன. உருளை மறுபடி சுழன்றது.

ஆட்களை மேய்ப்பது எப்படி என்று மேனேஜர் ஏதோ வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தார். ஆளுக்கொரு குரல். ஒவ்வொருவராகத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். பாய்லர்காரரிடம், "அண்ணே, நீங்க இல்லாம இந்தக் கம்பெனியே இல்லண்ணே." துவைப்புக்காரனிடம், "ஏய், வாயத் திறந்தே, வெளியே போயிடுவே." மடிப்புக்காரியிடம், "நீ என் தங்கச்சி மாதிரிம்மா." தங்கச்சிக்குப் பிள்ளைகள் எத்தனை என்றுகூட அந்த அண்ணனுக்குத் தெரியாது.

ஒரே கத்தலில் எல்லோரும் தன் பக்கம் வந்துவிடுவார்கள் என்று நம்பிய தன்னையே மூத்தவள் திட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து நடந்தாள்.

பாய்லர்காரருக்கு யாராவது உத்தரவு போட்டால் பிடிக்காது. "அண்ணே, ஆவியை எப்போ குறைக்கலாம்? நீங்க சொல்ற நேரத்துக்கு நாங்க வேலையை நிறுத்துறோம்."

"எப்போன்னு என்ன? இப்பவே குறைக்கிறேன்!"

துவைப்புக்காரன் ஸ்பேனரோடு நின்றான். "மெஷினை உடைச்சிடறேன்க்கா!"

"உடைச்சா போலீஸ்தான்டா வரும், கம்பி வராது. கீழே போடு, தடியா!"

போட்டான்.

மடிப்புக்காரியிடம் அவள் எதுவுமே பேசவில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்து, அவளோடு சேர்ந்து மடித்தாள். கொஞ்ச நேரத்தில் மடிப்புக்காரியே கேட்டாள்: "சின்னவ கை பழையபடி ஆகுமாக்கா?"

"தெரியலடி."

மடிப்புக்காரி விரிப்பைக் கீழே வைத்தாள்.

ஆவி அடங்கியது. உருளை நின்றது. கூடமே எழுந்து கண்ணாடி அறைக்குள் நுழைந்தது.

மேனேஜர் துள்ளி எழுந்தார். பாய்லர்காரரிடம் "அண்ணே..." என்று குழைந்தார். பக்கத்தில் துவைப்புக்காரன் நிற்பதைப் பார்த்ததும், "ஏய்..." என்று உறுமப் போனார். பின்னால் மடிப்புக்காரி தெரிந்தாள். "தங்கச்சி..." மூன்று குரலும் தொண்டையில் முட்டிக்கொண்டன. எல்லோரிடமும் சேர்த்துப் பேச அந்த மனிதரிடம் ஒரு குரல்கூட இல்லை.

"தண்ணி வேணுமா தம்பி?" என்றார் பாய்லர்காரர்.

"கம்பியை மாட்டுங்க. சின்னவளுக்கு வைத்தியம் பாருங்க. அப்புறம்தான் உருளை சுத்தும்" என்றாள் மூத்தவள்.

மேனேஜர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கூட்டமா வந்து நின்னா எப்படிப் பேசறது? ஒவ்வொருத்தரா வாங்க."

கதவோரம் நின்ற மடிப்புக்காரி அந்த அறைக்குள் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"இத்தனை நாளா ஒவ்வொருத்தராத்தானே சார் வந்தோம்."