விரிசல் விட்ட சுக்கான்

பாய்மரப் படகுப் போட்டிகளில் பட்டங்களை வாரிக் குவித்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'சாம்பியன்'தான். ஓய்வு பெற்ற கையோடு அண்ணனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு படகு கட்டும் தொழிற்சாலை தொடங்கினாள். படகு வீரர்களின் சம்மேளனமும் அவளையே தலைவியாக்கியது. காலையில் தொழிற்சாலை, மாலையில் சம்மேளனம். காற்று வாங்கக்கூட நேரமில்லை.

அந்த வருடம் சிறுவர் போட்டிக்கான படகுகளைச் சம்மேளனம் அவளுடைய தொழிற்சாலையில்தான் வாங்கியது. போட்டிக்கு முந்தின நாள், கை சும்மா இருக்காமல், அதில் ஒன்றைக் கடலில் இறக்கினாள். பாய் புடைத்துக்கொண்டதும் பழைய வயது திரும்பியது போலிருந்தது. கரைக்குத் திரும்பச் சுக்கானை வளைத்தாள். மளுக்கென்று ஒரு சத்தம். பிடி மட்டும் கையோடு வந்தது. படகு தன் இஷ்டத்துக்குச் சுற்றியது. பாயை அவிழ்த்துவிட்டு, துடுப்பால் தள்ளித் தள்ளி ஒருவழியாகக் கரை சேர்ந்தாள்.

கொட்டகையில் நின்ற மற்றப் படகுகளையும் குனிந்து பார்த்தாள். பாதிக்கு மேற்பட்டவற்றில், சுக்கானில் பிடி பொருத்திய இடத்தில் மயிரிழை விரிசல்.

அண்ணன் ஓடிவந்து விரிசல்களைப் பார்த்தான்.

"நாளைக்கு ஒரு நாள் ஓடட்டும். அப்புறம் சத்தமில்லாம மாத்திக் குடுத்துடலாம்."

"நாளைக்கே உடைஞ்சா? ஏறப்போறது குழந்தைங்கண்ணா."

"நீ நிறுத்தினா என்ன பேசுவாங்க தெரியுமா? தலைவியே தன் படகைத் தலையில கட்டிட்டான்னுதான். சம்மேளனமும் போகும், தொழிலும் போகும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. எதிர்காற்றிலும் வளைந்து நெளிந்து முன்னேறத் தெரிந்தவள் அவள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

"உன் பொண்ணை இதுல ஏத்துவியா?"

"அவளுக்குத் தண்ணின்னாலே பயம்."

"நான் அதைக் கேக்கலை."



அன்று மாலை சம்மேளனக் கூடத்தில் பெற்றோர்கள் கூடியிருந்தார்கள். அவள் எழுந்து நின்று, "படகுல கோளாறு இருக்கு. கட்டினது நாங்கதான். நாளைக்குப் போட்டி கிடையாது," என்றாள்.

பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தார். "விக்கும்போதும் நீங்க, வாங்கும்போதும் நீங்க. அப்ப எதுவும் கண்ணுல படலையா?"



சம்மேளனம் அவளை நீக்கியது. தொழிலையும் உதறிவிட்டுப் போகலாமென்று பார்த்தாள், முடியவில்லை. பழுதுபார்க்கத் திரும்பி வந்த படகுகளை அவள் கைப்படச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைகளை ஏற்றுவோம் என்று பெற்றோர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அவளை நம்பவும் அவர்களுக்கு மனமில்லை, விடவும் மனமில்லை.

அன்றிலிருந்து அவளோடு நேரே பேசாத அண்ணன், எதிர்மேசையில் இருந்துகொண்டே தொழிற்சாலை மேலாளரிடம், "இன்னும் ஒரு வண்டி படகு வந்திருக்குன்னு மேடத்துக்குச் சொல்லுங்க," என்றான்.

மேலாளர் தர்மசங்கடத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சு," என்றாள் அவள். "இறக்கச் சொல்லுங்க."