சின்னம் பிரித்த சட்டைகள்

'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று இப்போது சொன்னால் முதலாளி முகம் எப்படிப் போகும்? செல்லம்மா பிளேடு முனையை நூலுக்கு அடியில் விட்டு இழுத்தாள். சொல்லப்போவதில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில் ஒரு ருசி இருந்தது. மூன்று மாதமாக யாருக்கும் பங்கு கொடுக்காமல் அதைத் தின்றுகொண்டிருந்தாள்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ராமானுஜத்தின் ரெடிமேட் கடை. அதன் மாடி குடோனில் சுவரோரமாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது அறுநூற்று நாற்பது செட் யூனிஃபார்ம். மெரூன் கட்டம் போட்ட துணி. மேல்சட்டைப் பையில் ஒரு விளக்கும் விரித்த புத்தகமும் தங்க நிற நூலால் தைத்திருந்தன. பக்கத்து மெட்ரிக் பள்ளியின் சின்னம்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளியிலிருந்து சாம்பிள் துணி வரும். அதைப் பார்த்த பிறகுதான் ஆர்டர் போடுவார்கள். இந்த வருஷம் ராமானுஜம் அட்சய திருதியை அன்றைக்கே போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கல்பாக்கம் டவுன்ஷிப் பெண்கள் அன்றைக்கு நகைக்கடை வாசலில் வரிசை கட்டி நின்றதை முந்தின வருஷம் பார்த்திருந்தார்.

"அன்னைக்கு வாங்குறது கொறையாதும்மா, வளரும்."

"சாம்பிள் வந்துடட்டும் மொதலாளி."

"பத்து வருஷமா மாறாத கலரு. நீ எழுது."

ஆர்டர் நோட்டு எழுதுவது செல்லம்மாவின் வேலை. எழுதினாள். பன்னிரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வந்த சாம்பிள், நீலக் கோடு போட்ட வெள்ளைத் துணி. அதற்குள் ஈரோட்டுத் தையல் கம்பெனியில் மெரூன் துணியை வெட்டித் தைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சின்னம் போட்ட சரக்கைத் திருப்பி எடுக்க முடியாது என்று கையை விரித்தார்கள். ராமானுஜம் ஆர்டர் நோட்டைப் புரட்டி அவள் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அதன் பிறகு கடையில் அது செல்லம்மா போட்ட ஆர்டர் ஆகிவிட்டது.

ஆடித் தள்ளுபடியில் வெளியே தொங்கவிட்டுப் பார்த்தார்கள். டவுன்ஷிப் பெண்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்த ஸ்கூலோட பழைய யூனிஃபார்ம்" என்று நகர்ந்தார்கள். கடல் காற்றில் துணி பிசுபிசுத்ததுதான் மிச்சம். பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் துணிக்காகக் கிலோ கணக்கில் வாங்கும் சென்னை வியாபாரி வந்தான். கந்தல் விலைக்கு விற்க மாட்டேன் என்று ராமானுஜம் அவனைப் படியேறவே விடவில்லை.

"யக்கா," என்றான் சேல்ஸ்மேன் ராஜேந்திரன். "அன்னிக்கி வாங்குனது கொறையாதுன்னாரே, மெய்தான். பாரு, ஒண்ணு கூட கொறையல. அப்படியே கீது."

அன்றைக்குச் சிரித்தாள். போன வாரம் ராமானுஜம் வந்து, சின்னத்தை மட்டும் பிரித்து எடுக்கச் சொன்னார். வேறு வியாபாரி கிடைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் விளக்கின் வடிவத்திலேயே நின்றன. நகத்தால் தேய்த்தும் மூடவில்லை.

ஒரே ஒரு சட்டையை அவள் பிரிக்கவில்லை. இருபத்தெட்டாம் நம்பர் அளவு, மகளுக்குச் சரியாக இருக்கும். அலமாரிக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மகள் ஜெனிட்டாவை அந்தப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். ஆபீஸில் இருந்தவர் விண்ணப்பத்தில் காலனி முகவரியை இரண்டு தரம் படித்தார். சீட் முடிந்துவிட்டது என்றார். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் புது ஃபாரம் ஒன்றை நீட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெனிட்டா, "அந்த வெளக்கு நல்லாருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான். இப்போது பஞ்சாயத்துப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள்.

அவளுக்கு இதைப் போட்டுவிடப்போவதில்லை என்று செல்லம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் எடுத்து வைத்தாள்? ராமானுஜத்தின் மேல் இருந்த வெறுப்பைவிட, அந்தச் சட்டையை மடித்த தன் கைகளின் மேல் அவளுக்கு இருந்த வெறுப்பு பெரிது. துரத்தினவன் வீட்டுக் கதவை யாரும் பார்க்காதபோது தடவிப் பார்க்கிற மாதிரி.

ராமானுஜம் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"எத்தினி ஆச்சு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"இப்போதைக்குப் போதும். ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சு வாசல்ல வச்சிக் குடுத்துடலாம். பேப்பர்காரன் வர்றான். ஸ்கூல் கரஸ்பாண்டென்டும் வந்து நிக்கிறேன்னுட்டாரு. அடுத்த வருஷ ஆர்டர் நமக்குத்தான்."

செல்லம்மா பிளேடைக் கீழே வைத்தாள். "எங்க காலனிக்கா?"

"பின்ன? புதுத்துணிம்மா."

"அப்ப சின்னத்தை எதுக்குப் பிரிச்சோம்?"

அவர் ஒரு சட்டையை எடுத்து உதறினார். "கரஸ்பாண்டென்ட் போட்ட ஒரே கண்டிஷன் அதான். உங்க புள்ளைங்க அந்தச் சின்னத்தோட ரோட்ல சுத்துனா ஃபீஸ் கட்றவன் சும்மா இருப்பானா? உனக்குத் தெரியாததா."

படியில் நின்றிருந்த ராஜேந்திரன் சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனான்.

ஒரு வாரமாக இந்தக் கையாலேயே பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு பையிலும் துளைகள். காலனிப் பிள்ளைகள் நெஞ்சில் அந்தத் துளைகளோடு வரிசையில் நின்று கேமராவைப் பார்ப்பார்கள். யார் பார்த்தாலும் தெரியும், அங்கே இருந்தது எது, எடுத்தது எதற்கு என்று.

"போட்டோவுக்கு நாப்பது பேர் வேணும்," என்று நோட்டையும் பேனாவையும் அவள் முன்னால் போட்டார். "வயசோட எழுது. உன் பொண்ணுதான் மொதல்ல வாங்கணும். நீ எழுதுன ஆர்டர், நீயே தீர்த்து வையி."

அதே ஆர்டர் நோட்டு. நான் அன்றைக்கே சொன்னேன். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. மூன்று மாதமாக இருந்த ருசி அதில் இல்லை. அதைச் சொன்னால் தவறு யாருடையது என்ற பேச்சுத்தான் தொடங்கும். நாற்பது பெயரைப் பற்றிய பேச்சு அதில் அமுங்கிப்போகும்.

அவள் குனிந்து அலமாரிக்கு அடியிலிருந்து இருபத்தெட்டாம் நம்பர் சட்டையை எடுத்தாள். விளக்கு பளபளத்தது. பிரிக்காத அடுக்கின் மேல் அதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"கிலோவுக்குப் போடறதுன்னா சொல்லுங்க. எல்லாத்தையும் நானே மூட்டை கட்டித் தரேன்."

"நான் என்ன கேக்குறேன், நீ என்ன பேசற? வேலை வேணாமா உனக்கு?"

வேண்டும். அது அவருக்கும் தெரியும். செல்லம்மா பேனாவுக்கு மூடி போட்டாள். நோட்டை மூடி, இரண்டையும் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"பேர் எழுத மாட்டேன், மொதலாளி."