மான் குடித்த தேன்

பாப்பாரப்பட்டி வாசகர் வட்டம் ‘படுமோசமான கதை’ப் போட்டி வைத்தது. வேண்டுமென்றே மட்டமாக எழுத வேண்டும். ஜெயித்தவர் மைக்கில் வந்து, அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் எனக்குத் தமிழ் எடுத்த பச்சியப்பன் சார்தான் நடுவர் என்று தெரிந்த பிறகே பேர் கொடுத்தேன்.

நான் ஒன்றும் எழுதவில்லை. கல்லூரி வெள்ளிவிழா மலரில் வரப்போகும் அவருடைய கதையிலிருந்து ஒரு பத்தியைப் பார்த்து எழுதி, பெயரை மட்டும் மாற்றினேன்.

அந்தக் கதையின் நாயகி நான்தான். வெண்மதி, வத்தல்மலை, அப்பா மாதையன். எதையும் மாற்றவில்லை மனிதர். அப்பாவைக் குடிகாரராக்கி, என்னைப் படிக்கவிடாமல் அடிக்கவைத்திருந்தார். கடைசியில் ஒரு பேராசிரியர் வந்து காப்பாற்றுகிறார். என் அப்பா கட்டங்காப்பியைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. அடுத்த வாரம் விழாவில், எங்கள் மலையின் முதல் பட்டதாரியைப் பெற்றவர் என்று மலரின் முதல் பிரதியே அவருக்குத்தான். பிழை பார்க்கச் சொல்லி அச்சுப்படியை என்னிடமே கொடுத்திருந்தார் சார். மலரின் ஆசிரியரும் அவரே. எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை கேட்டேன்.

“இலக்கியம்னா அப்பிடித்தாம்மா. உணர்ச்சிவசப்படாதே.”

போட்டியன்று வட்டத்தின் செயலாளர் இனிகோ, எழுதியவர் பேர் சொல்லாமல் ஒவ்வொன்றாக வாசித்தார். என்னுடையது வந்தது.

“மலையருவியாய்ச் சிரித்தாள் பூங்கொடி. அவள் கண்கள் இரண்டு மான்கள். அந்த மான்கள் தேன் குடித்தன. செருப்பறியாத அவள் பாதம் பட்டதும் முட்கள் வெட்கப்பட்டுப் பூக்களாயின.”

ஷூ போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனவள் நான்.

மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தது சார்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மான் தேன் குடிக்குதாமா! யாருய்யா இது? இதுக்கு மேல மோசமா எவனாலயும் எழுத முடியாது. இதுக்குத்தான் முதல் பரிசு.”

என் பேரைக் கூப்பிட்டார்கள். மைக்குக்குப் போகாமல் நேராக அவரிடம் போய், அச்சுப்படியில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். படித்தார். சிரிப்பு நின்றது.

“முழுசா படிச்சா நல்லாத்தாம்மா இருக்கும்.”

“சரிங்க சார். மைக்குல முழுசா படிச்சுடட்டுங்களா? யாரு எழுதுனதுன்னும் சொல்லிடறேன்.”

அவசரமாகப் பேனாவை எடுத்து, வெண்மதியை அடித்துவிட்டுப் பூங்கொடி என்று எழுதினார். இந்த மனிதரை என்னதான் செய்வது?

“பேரு மட்டுமில்லீங்க, கதையே வேணாம். எங்க மலையில மாதையன் பொண்ணு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“வெண்மதி, வாம்மா! எவ்ளோ நேரம்?” என்று இனிகோ மைக்கிலேயே கத்தினார்.

சார் கதை முழுக்கக் குறுக்கே கோடு போட்டு, ‘நீக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அச்சுப்படியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேடையேறினேன்.

“எப்பிடிம்மா வந்துச்சு இந்த மான் ஐடியா?” என்றார் இனிகோ.

“நானே யோசிச்சு எழுதுனதுங்க.”

கைதட்டினார்கள். கேடயத்தில் மார்க்கரால் எழுதினார் இனிகோ: ‘படுமோசமான எழுத்தாளர் வெண்மதி, வத்தல்மலை.’ ஊர்ப்பேரையும் விடவில்லை.

கேடயத்தை என் கையில் கொடுத்த பச்சியப்பன் சார், காதருகே குனிந்தார்.

“இனிகோ வாசிச்ச விதம் சரியில்லம்மா. இல்லேன்னா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க.”