அலமாரிக்குள் ஒரு போன்

"நாலு கொம்பு வச்சது வீடு பூரா நல்லா எடுக்கும்மா," என்றான் கடைக்காரன். மகள் ஏற்கெனவே அந்த ரவுட்டரைக் கையில் பிடித்திருந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவளுக்கு நெட் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. அம்மாவோ பையிலிருந்து செத்துப்போன பழையதை எடுத்து மேசைமேல் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க," என்று அடம்பிடித்தாள். மருந்துக்கடையில் நின்று, கேட்ட மாத்திரை இல்லையென்றால் அதே மருந்து வேறு பெயரில் இருக்கிறது என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்பவள். தனக்கென்று வரும்போது அந்த நியாயம் எடுபடவில்லை.

அவள் கவலை நெட்டைப் பற்றியதே அல்ல. படுக்கையறை அலமாரியில், கணவரின் சட்டைகளுக்கு நடுவே, அவருடைய போன் சார்ஜரில் செருகியபடியே கிடந்தது. அவர் போனதோடு அதைத் திறக்கும் எண்ணும் போய்விட்டது. சிம்மையும் முடக்கிவிட்டார்கள். வீட்டு வைஃபை மட்டுமே அதைப் பிடித்துவைத்திருந்தது. தினமும் ஏதோ ஒரு வேளையில் உள்ளிருந்து 'டிங்' என்று கேட்கும். முதல்முறை கேட்டபோது கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. பிறகு அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினாள். ஒருமுறையும் கதவைத் திறந்து பார்த்ததில்லை. ஏதாவது விளம்பரமாக இருந்து தொலைக்குமோ என்று பயம். ரவுட்டர் போனதிலிருந்து அலமாரி வாயடைத்துக் கிடந்தது. அவர் இரண்டாம் முறையும் போய்விட்டதுபோல இருந்தது அவளுக்கு.

"பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே இதுல போடலாமா தம்பி?"

"தாராளமா. பழைய போனெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்."

"வேணாம், புதுசாவே வச்சுக்கலாம்," என்றாள் மகள் வெடுக்கென்று.

"அப்பா வச்சது. மாத்தக் கூடாது." அம்மா பர்ஸைத் திறந்தாள்.

வீட்டுக் கூடத்தில் அம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, மகள் வேண்டாவெறுப்பாகத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அலமாரிக்குள் 'டிங்'. மறுபடி 'டிங்'. மூச்சுவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நாளும் தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாக வந்து சேர்கிறது. இத்தனை விளம்பரத்தை எவன் அனுப்புவான்? அம்மா ஓடிப்போய் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"திறக்காதம்மா." பின்னாலேயே வந்த மகளின் குரல் உடைந்திருந்தது. "அதெல்லாம் நான் அப்பாவுக்கு அனுப்புனது."

சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சக்காரி என்று உறவெல்லாம் ஏசியது இவளைத்தான். அம்மாவும் மனதுக்குள் ஏசியிருக்கிறாள். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது. கைப்பிடியை விட்டாள்.

"பாக்க மாட்டேன்டி," என்றாள். "சத்தம் கேட்டாப் போதும்."

இருவரும் கட்டில் விளிம்பில், மூடிய அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். ஒருவழியாகச் சத்தம் ஓய்ந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் போனில் என்னவோ தட்டினாள்.

ஒரு 'டிங்'கோடு அலமாரிக் கதவின் இடுக்கில் கோடாக ஒரு வெளிச்சம் எழுந்து, அணைந்தது.